‘எதிர்உண்மை’ வேண்டாம், ‘இன்றேல் நிலை’ போதும்

‘வல்லுநர் ஓர் எதிர்உண்மையைக் கணித்து நீதிமன்றத்தில் முன்வைத்தார்’ என்பது போன்ற தொடர்களை முற்றுரிமைத் தடுப்பு வழக்குகள் (சந்தையில் போட்டியைக் கெடுக்கும் நிறுவனங்கள் மீதானவை) பற்றிய தமிழாக்கங்களில் பலமுறை படித்துவிட்டேன். சாட்சிக் கூண்டில் ஏறி உண்மைக்கு எதிரானதைச் சொன்னார் என்றல்லவா தமிழறிந்தவர் இதற்குப் பொருள் கொள்வார்?

‘எதிர்உண்மை’ என்று இவர்கள் பெயர்ப்பது கவுன்டர்ஃபேக்சுவல் என்ற ஆங்கிலச் சொல்லை. ஒன்று நடக்காதிருந்தால் நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதை அது குறிக்கிறது. அதன் வேர் லத்தீன். ‘கான்ட்ரா’ என்றால் எதிர். ‘ஃபாக்டும்’ என்றால் செய்யப்பட்டது. உண்மை என்ற பொருள் பிற்பாடு ஏறியது.

ஃபேக்ட் என்று கண்டவுடன் உண்மை என்று எழுதிப் பழகிய மொழிபெயர்ப்பாளர்கள், அச்சொல் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. விற்பனையாளர்கள் கூடிப் பேசி விலையை 100இலிருந்து 120க்கு உயர்த்தினர் என்று கொள்வோம். அதே மூலப்பொருளை வாங்கும், ஆனால் அந்தக் கூட்டில் சேராத, வேறொரு சந்தையில் விலை அதே காலத்தில் 100இலிருந்து 108 ஆனது. கூட்டு இல்லாதிருந்தால் இங்கும் 108 ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டு, எஞ்சிய 12ஐ மட்டுமே சதியின் கணக்கில் எழுதுவது ‘வேறுபாடுகளின் வேறுபாடு’ என்னும் பொருளியல் அளவை முறை. அந்த 108 நிகழவில்லை. ஆனால் அது பொய்யும் அன்று. சிலர் எழுதும் ‘கற்பனை விலை’யும் பொருந்தாது, ஏனெனில் இரு சந்தைகளின் தரவும், அவை ஒருபோக்கில் நகர்ந்திருக்கும் என்ற அனுமானமும் அதைத் தாங்கி நிற்கின்றன, அந்த அனுமானத்தை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யலாம், கற்பனையை எப்படிச் செய்வது?

தமிழுக்கு இது புதிய சிந்தனை அன்று. பண்புடையாரால் உலகம் நிலைத்திருக்கிறது, ‘அதுஇன்றேல்’ மண்ணுள் புகுந்து மாயும் என்கிறது 996ஆம் குறள். எனவே ‘இன்றேல் நிலை’, ‘இன்றேல் விலை’ என்பேன்.

இச்சொல் ‘எது இன்றேல்?’ என்ற கேள்வியையும் உடன் கொண்டுவருகிறது. கேபிள் தொலைக்காட்சி நிறுவனமான காம்காஸ்ட் மீது அதன் சந்தாதாரர்கள் தொடுத்து, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்த காம்காஸ்ட் எதிர் பெஹ்ரெண்ட் வழக்கு அந்தக் கேள்வியில்தான் திரும்பியது. வாதிகள் கூறிய நான்கு பாதிப்பு வழிகளில் ஒன்றை மட்டுமே கீழ் நீதிமன்றம் குழு வழக்குக்கு, அதாவது பாதிக்கப்பட்ட பலர் சார்பில் சிலர் நடத்தும் ஒரே வழக்குக்கு, ஏற்றிருந்தது. வாதிகளது வல்லுநரின் கணக்கீட்டு மாதிரியோ நான்கும் இல்லாதிருந்தால் என்ற விலையைக் கணித்திருந்தது. எந்த வழி எவ்வளவு இழப்பை விளைத்தது என்று அதில் பிரித்தறிய முடியாததால், குழு வழக்காக நடத்தும் அனுமதி நீங்கியது.