செக் பணமாகுமுன் எந்தப் படிவத்தில் கையெழுத்திடலாம்? கலிபோர்னியக் கட்டுமானப் பற்றுரிமை

கலிபோர்னியாவில் ஒரு கட்டடத்துக்கு உழைப்போ பொருளோ தந்தவருக்குப் பணம் வராவிட்டால், அந்தச் சொத்தின் மீதே உரிமை கோர மாநில அரசமைப்புச் சட்டம் இடம் தருகிறது. லியன் எனப்படும் இந்தப் பற்றுரிமையைக் கவுண்டிப் பதிவகத்தில் பதிந்துவிட்டால், அது வில்லங்கமாக ஏறி, வீட்டை விற்கவும் அடமானக் கடன் வாங்கவும் இடைஞ்சலாக நிற்கும். உரிமையாளர் முதன்மை ஒப்பந்ததாரரிடம் முழுத் தொகையையும் கொடுத்திருந்தாலும், அவர் துணை ஒப்பந்ததாரருக்குத் தராமல் விட்டால் பற்றுரிமை வீட்டின் மீதுதான் விழும் என்பதால், தவணைதோறும் பற்றுரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கையெழுத்திடும் விடுதலைப் பத்திரம் கேட்பது வழக்கமாயிற்று.

அதன் வாசகத்தைச் சிவில் சட்டத் தொகுப்பின் 8132, 8134, 8136, 8138 ஆகிய பிரிவுகள் வகுத்திருக்கின்றன: தவணைக்கு இரண்டு, இறுதித் தொகைக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் நிபந்தனையுள்ளது ஒன்று, நிபந்தனையற்றது ஒன்று. நிபந்தனைப் படிவத்தில் செக் கொடுப்பவர், தொகை, பெறுபவர் ஆகிய விவரங்களை எழுத வேண்டும். அந்தச் செக்குக்கு வங்கியிலிருந்து பணம் வந்து சேரும்வரை உரிமை போகாது. நிபந்தனையற்ற படிவமோ, பணம் வராவிட்டாலும் கையெழுத்திட்டவரைக் கட்டுப்படுத்தும். இந்த எச்சரிக்கை படிவத்தின் மேற்பகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. “செக் நாளைக்கு வந்துவிடும், இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்” என்று அதை நீட்டினால், மறுத்துவிட்டு நிபந்தனைப் படிவத்தைக் கொடுப்பதே சரி. தவணைப் படிவத்தில் எந்தத் தேதி வரையிலான வேலை என்பதையும் கவனிக்க வேண்டும். தவணையில் தராமல் பிடித்துவைத்த தொகைக்கும் பணம் வராத கூடுதல் வேலைக்கும் உள்ள உரிமை அதனால் பறிபோவதில்லை. இறுதிப் படிவத்தில் அப்படியல்ல. தகராறிலுள்ள கூடுதல் வேலைக்கான தொகையை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். இவற்றுக்கு வெளியே, பற்றுரிமையே கோரமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கினால் அது செல்லாது.

கெடுக்களில் சட்டம் கறாரானது. துணை ஒப்பந்ததாரரும் பொருள் தருவோரும் வேலை தொடங்கிய 20 நாளுக்குள் முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். தாமதித்தால், அனுப்பிய நாளுக்கு முந்தைய 20 நாள் முதலான வேலைக்கே உரிமை கிடைக்கும். பற்றுரிமையைக் கட்டடம் முடிந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும்; உரிமையாளர் நிறைவு அறிவிப்பைப் பதிந்துவிட்டால் முதன்மை ஒப்பந்ததாரருக்கு 60 நாளும் மற்றவர்களுக்கு 30 நாளுமே மிஞ்சும். பதிந்த 90 நாளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் அது செயலிழந்துவிடும்.

அரசுக் கட்டடங்களின் மீது பற்றுரிமை கிடையாது. அங்கே நிதியை நிறுத்திவைக்கக் கோரும் அறிவிப்பும் ஒப்பந்ததாரர் பணம் தராவிட்டால் ஈடுகட்டும் பணக்கொடுப்புப் பிணையமும்தான் வழி. அந்த உரிமைகளும் இதே படிவங்களில் இடும் கையெழுத்தோடு போய்விடும்.