பட்டன் அப்படியே இருக்கிறது, டயருக்குத்தான் வயதாகிவிட்டது

சென்ற மாதம் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஆல்ஃபா ரோமியோ 8சி காம்பெடிசியோனே என்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. துபாயில் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுது பார்க்கும் வேலையில் 18 வருடமாக இருக்கிறேன். இந்த வண்டியைத் தொட்டது அன்றைக்குத்தான். மூடிய கூரை கொண்ட கூபே வகையில் உலகம் முழுவதற்கும் 500 வண்டிகள்தான் செய்தார்கள். சிவப்பு நிற கூபே டிரக்கிலிருந்து இறங்கியபோது, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூட ஸ்பேனரை வைத்துவிட்டு வந்து நின்றார்கள்.

பெயரிலேயே பழைய பந்தயக் கதை இருக்கிறது. 8சி என்பது எட்டு சிலிண்டரைக் குறிக்கும். விட்டோரியோ யானோ என்ற பொறியாளர் உருவாக்கிய எட்டு சிலிண்டர் எஞ்சினோடு ஓடிய ஆல்ஃபாக்கள், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1931 முதல் 1934 வரை தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தன. காம்பெடிசியோனே என்ற சொல், 1950ல் மில்லே மில்யா என்ற இத்தாலிய சாலைப் பந்தயத்தில் பந்தய வீரர் ஃபாஞ்சியோ ஓட்டி மூன்றாவதாக வந்த 6சி 2500 காரை நினைவுபடுத்துகிறது. அந்தப் பழைய கார்களின் வளைவுகளையெல்லாம் மனதில் வைத்து வரைந்த மாதிரியை 2003ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைத்தார்கள். 2007ல் தயாரிப்பு தொடங்கியது. கார்பன் ஃபைபர் பாடி. மாரனெல்லோவில் ஃபெராரி செய்துகொடுத்த 4.7 லிட்டர் வி8. பாகங்களைச் சேர்த்து வண்டியாக்கியது மொதேனாவில், மசெராட்டி தொழிற்சாலையில்.

உரிமையாளர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பேட்டரி இறங்கிவிட்டது, மாற்றிக் கொடுங்கள். வார இறுதியில் மகனோடு ஜெபல் ஜைஸ் மலைப்பாதையில் ஒரு சுற்று போகவேண்டும் என்றார். வண்டி 3,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. எல்லாம் ஒரிஜினல், டயர் உட்பட என்று சந்தோஷமாகச் சொன்னார்.

டயர் என்றதும் எனக்குத் திக்கென்றது. லிஃப்டில் ஏற்றினோம். வெளிப்பக்கம் பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேல்பகுதி வெட்டுகள், புதுசு மாதிரியே ஆழமாக இருந்தது. தேதி வெளிப்பக்கத்தில் இல்லை. டார்ச் அடித்து உட்பக்கச் சுவரில் தேடினால், டிஓடி என்று தொடங்கும் தயாரிப்புக் குறியீட்டின் கடைசியில் 2308. அதாவது 2008ஆம் வருடத்தின் 23வது வாரம். கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினேன். நல்ல டயரில் நகம் கொஞ்சம் பதியும், இதில் பலகையில் அழுத்தியது போல இருந்தது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தபோது முன் டயரின் பள்ளங்களுக்கு அடியில் முடி முடியாக வெடிப்பு. பின் டயர்களில், தரையில் அழுந்தி நின்ற இடம் கையால் தடவினாலே தட்டையாகத் தெரிந்தது.

ஓடாத டயர் கெடாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரப்பரைக் கெடுப்பது ஓட்டம் மட்டுமல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, வெடிக்க வைக்கின்றன. வெயில் அதை வேகப்படுத்துகிறது. இதைத் தடுக்கத்தான் ரப்பரிலேயே ஒரு வகை மெழுகைக் கலக்கிறார்கள். டயர் உருண்டு, வளைந்து நிமிரும்போதுதான் அந்த மெழுகு நன்றாக மேலே வந்து படரும். நின்றே கிடக்கும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பும் குறைந்துவிடுகிறது. மேலே தடவும் பாலிஷ் வெடிப்பை மறைக்குமே தவிர ஆற்றாது.

450 குதிரைத்திறனும் இந்த வண்டியில் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் போகிறது. வழுக்கினால் பிடித்து நிறுத்த எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறதே என்றார் அவர். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்க்கும் ஏபிஎஸ் ஆனாலும், வண்டி சறுக்காமல் பார்க்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஆனாலும், டயர் கொடுக்கும் பிடிப்பை வைத்துத்தான் வேலை செய்யமுடியும். இல்லாத பிடிப்பை அவை எங்கிருந்து கொண்டுவரும்? மலை வளைவில், பக்கத்து சீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

அவருக்கு இருந்த தயக்கமும் நியாயமானதுதான். ஒரிஜினல் டயரைக் கழற்றினால் வண்டியின் மதிப்பு குறையுமோ என்ற பயம். இதற்கு சேகரிப்பாளர்களிடமே வழி இருக்கிறது: பழைய டயர்களைத் தூக்கிப் போடாமல் வண்டியின் பொருளாகவே சுற்றி வைத்துக்கொள்வார்கள், ஓட்டுவதற்குப் புது டயர் போட்டுக்கொள்வார்கள். அப்படியே செய்தோம். கூடவே பிரேக் ஆயிலையும் மாற்றினோம். அது ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். டேங்கில் கிடந்த பெட்ரோலையும் எடுத்துவிட்டோம்.

இது ஏதோ கோடீஸ்வரர்கள் பாடு என்று தள்ளிவிடாதீர்கள். ஊரில் அப்பா மாதம் இரண்டு முறை கோயிலுக்கு எடுத்துப் போகும் காருக்கும் இதே கதைதான். மொட்டை டயர் என்றால் யாருக்கும் கண்ணில் படும். வயதான டயர் படாது. பல கார் நிறுவனங்கள் 6 வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் சொல்லும் உச்ச வரம்பு பொதுவாக 10 வருடம், அதுவும் ஐந்துக்குப் பிறகு வருடா வருடம் காட்டிச் சரிபார்த்தால். டயரில் இருக்கும் தேதியின் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் காட்டும். வெளியே இல்லையென்றால் உட்பக்கம் பாருங்கள். அப்புறம் ஸ்டெப்னியை மறக்காதீர்கள். தரையையே தொடாமல் டிக்கியில் கிடந்தாலும் அதற்கும் அதே வயதுதான்.

ஜெபல் ஜைஸுக்கு அடுத்த வார இறுதியில் போய் வந்தார்கள். உச்சியில் எடுத்த படத்தை மகன் எனக்கு அனுப்பியிருந்தான். அந்த நான்கு பழைய டயர்களும் கறுப்பு உறை சுற்றி இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. உறையின் மேல் சாக்பீஸால் 2308 என்று எழுதி வைத்திருக்கிறேன்.