மேசனின் கூலியும் குளத்துத் தண்ணீரும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மேசன் வேலை செய்த மச்சான் டிப்பர் அடிச்சு இறந்துட்டார். பத்து இலட்சம் தாறம், கையெழுத்து வையுங்க என்று காப்புறுதிக்காரங்க சொல்றாங்க. கோட்டுக்குப் போனா இந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பாங்க?"

உயிருக்கு யாரும் விலை போடுவதில்லை. அவர் இருந்திருந்தால் அந்த வீட்டுக்கு வந்திருக்கும், இனி வராது என்று ஆகிவிட்ட பணம் எவ்வளவு என்பதைத்தான் இழப்பைக் கணிக்கும் பொருளியலாளர் தேடுகிறார்.

ஓர் உதாரணம் எடுப்போம். வயது 38, மனைவி, 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். நாட்கூலி 3,500 ரூபாய். இதை 365ஆல் பெருக்குவதும் பிழை, "நிலையான வருமானம் இல்லை" என்று சொல்லி ஒரு சிறு தொகையை எழுதுவதும் பிழை. மட்டக்களப்பில் மாரி மூன்று மாதமும் வேலை குறையும். ஒன்பது மாதத்துக்கு 24 நாள், மூன்று மாதத்துக்கு 12 நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 252 நாள், 882,000 ரூபாய். மாதச் சம்பளக்காரராக இருந்தால் முதலாளி கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் இதோடு சேரும்.

இந்தப் பணத்தில் அவரும் சாப்பிட்டிருப்பார், உடுத்திருப்பார். அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும். நம்மைப் போலவே உரோமன் டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில் பெரியவருக்கு இரண்டு பங்கு, பிள்ளைக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். இங்கே மொத்தம் ஆறு பங்கு. அவருடைய இரண்டு போக, வீட்டுக்கு 588,000. ஆறு வருடத்தில் மூத்த பிள்ளைக்கு 18 ஆகும்போது ஐந்தில் மூன்று, அதாவது 529,200. இன்னும் நான்கு வருடத்தில் இளையதும் தன் காலில் நின்றுவிட்டால் பாதி, 441,000. இப்படியே அவருடைய 60ஆவது வயது வரை 22 வருடங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 109 இலட்சம்.

ஆனால் 22 வருடக் கூலியை இன்றைக்கே கையில் கொடுத்தால் அது வட்டி ஈட்டும். ஆகவே குறைக்கத்தான் வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் முழு வழக்கும் நிற்கிறது.

உன்னிச்சைக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மதகு வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகிறது, ஆற்றிலிருந்து கொஞ்சம் வந்தும் சேர்கிறது. அறுவடைக்கு முன் குளம் வற்றினால் கதிர் பதராகும். நட்டஈட்டுப் பணம்தான் குளம். வட்டி வரத்து; குடும்பம் எடுத்துச் செலவழிப்பது மதகு. கூலி வருடா வருடம் ஏறுவதால் மதகையும் வருடா வருடம் கொஞ்சம் கூடுதலாகத் திறக்க வேண்டும். எனவே வட்டியை மட்டும் பார்த்தால் போதாது. வட்டி 10 வீதம், கூலி உயர்வு 8 வீதம் என்றால் 1.10ஐ 1.08ஆல் வகுக்க வேண்டும், மிஞ்சுவது 1.85 வீதம். இந்தத் தேறிய வீதத்தை 2 என்று வைத்துக் கணித்தால் இன்று தேவைப்படும் தொகை ஏறத்தாழ 89 இலட்சத்து 9 ஆயிரம்.

சரிதானா என்று பார்க்க குளத்தைத் திறந்துவிடலாம். இன்றைய கூலி மட்டத்தில் முதல் வருடம் 1.78 இலட்சம் சேரும், 5.88 இலட்சம் போகும், 84.99 இலட்சம் நிற்கும். கடைசி வருடம் 432,353 ரூபாயோடு தொடங்கும், 8,647 சேரும், 441,000 வெளியேறும், குளத்தின் அடி தெரியும். கணிதத்தில் இவ்வளவு அழகாக முடியும் கணக்குகள் குறைவு.

இப்போது பிழையான கணக்கு. கூலி உயர்வை மறந்துவிட்டு வங்கியின் 10 வீதத்தாலேயே கழித்தால் 46 இலட்சத்து 66 ஆயிரம்தான் வரும். அந்தக் குளம் ஒன்பதாவது வருடத்தோடு வற்றிவிடும். இளைய பிள்ளைக்கு அப்போது 17 வயது, உயர்தரம் படிக்கிற வயது. பேரம் பேசும் மேசையில் நான் மிகவும் அஞ்சுவது இந்தப் பிழைக்குத்தான், ஏனென்றால் தாளில் பார்த்தால் அது சரியான கணக்குப் போலவே இருக்கும். இங்கிலாந்தில் இந்தத் தேறிய வீதத்தை அரசே அறிவிக்கிறது. 2017இல் அதை 2.5இலிருந்து மைனஸ் 0.75க்கு இறக்கினார்கள். வட்டி விலைவாசியை எட்டிப்பிடிக்காத காலத்தில் அப்படியும் நடக்கும்.

இறந்த நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் இடையிலான இழப்பு வேறு கணக்கு. அங்கே வட்டிக்காகக் குறைப்பது இல்லை. அந்தந்த வருடத்துக் கூலியைப் போட வேண்டும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட நாட்டில் பழைய கூலியை அப்படியே எழுதுவது குடும்பத்தைத் தண்டிப்பதாகும்.

இறந்தவர் மனைவியாக இருந்தால் "வருமானம் இல்லை" என்று கட்டத்தை வெறுமையாக விடுகிறார்கள். சமையல், பிள்ளை பராமரிப்பு, தண்ணீர் அள்ளுவது எல்லாவற்றுக்கும் ஊரில் கூலி உண்டு, அதைச் செய்த மணித்தியாலங்களால் பெருக்கலாம். அம்மம்மா வந்து சும்மா செய்கிறார் என்பதால் அந்த உழைப்பின் பெறுமதி பூச்சியமாகாது. அம்பாறைப் பக்கம் வயற்காரர் இறந்தால் நேர்மாறான கவனம் வேண்டும். காணி குடும்பத்திடமே இருக்கிறது, குத்தகைப் பணம் வரும். இழந்தது அவருடைய உழைப்பும் மேற்பார்வையும்தான்.

"அவருடைய ஆயுள் அவ்வளவுதான், சாதகத்திலேயே இருந்தது" என்று சொல்லிக் கடதாசிகளைத் தேடாமல் விடும் குடும்பங்கள் உண்டு. ஆயுள் அட்டவணை ஒரு தனி மனிதரைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆயிரம் பேரில் எத்தனை பேர் 60ஐக் காண்பார்கள் என்று சொல்லும். மேலே உள்ள தொகையிலிருந்து அதற்கும், நோய்க்கும், வேலையில்லா நாட்களுக்கும் ஒரு பகுதி கழியும். கிழக்கின் நாட்கூலியை மாதாமாதம் பதியும் ஒரு சிறு ஆய்வுக்குப் பணம் ஒதுக்கினால் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்களே செய்வார்கள். ஒவ்வொரு வழக்கிலும் கூலியைப் பற்றிச் சண்டை பிடிக்க வேண்டியிராது.

வாசகர் இப்போது செய்ய வேண்டியது, வேலை கொடுத்த பாஸின் கொப்பியைப் படம் எடுப்பது. நாட்களும் கூலியும் அதில்தான் இருக்கும், அந்தக் கொப்பிகள் சீக்கிரம் தொலையும். வங்கிப் புத்தகம், சீட்டுக் கட்டிய துண்டு, கடைக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். அதுவரை அந்தப் பத்து இலட்சக் கடதாசியில் கையெழுத்து வேண்டாம்.