உலோகக் கூண்டுக்குக் கடற்பாசிக் கதவு

ஒரு கிராம் தூள், 1.4 கிராம் மருந்தைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. 2006-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எம்ஐஎல்-101 என்ற பொருளில் ஐபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணியை ஏற்றியபோது கிடைத்த கணக்கு இது. அதிலிருந்த உலோகம் குரோமியம் என்பதால் உடலுக்குள் அனுப்பத் தயக்கம். பிறகு இரும்புக்கு மாறினார்கள்.

இவ்வகைப் பொருள்களுக்கு உலோக-கரிமக் கட்டமைப்புகள் என்று பெயர். உலோக அயனிகள் முடிச்சுகள்; அவற்றை இணைக்கும் கழிகள் கரிம மூலக்கூறுகள். நடுவில் இருப்பதெல்லாம் வெற்றிடம்; மொத்தத்தில் ஒரு நுண்கூண்டு. 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இதை உருவாக்கிய சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் போனது.

மருந்தை ஏற்றுவதில் பெரிய வித்தை இல்லை. கரைசலில் தூளை ஊறவைத்தால் பல மருந்துகள் தாமாகவே உள்ளே போய்விடும். பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு. துளை வழியே போனது துளை வழியே வரும். போதாக்குறைக்கு ரத்தத்திலுள்ள பாஸ்பேட், உலோக முடிச்சுகளைப் பற்றி இழுத்துக் கூண்டையே பிரித்துவிடும். பல நாளைக்கான மருந்து சில மணி நேரத்தில் கொட்டிவிட்டால் முதலில் நஞ்சு, பிறகு பட்டினி.

அதனால்தான் கூண்டுக்கு மேல் ஓர் உயிரிப் பலபடியை, அதாவது உயிரினங்களிலிருந்து கிடைக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறைப் போர்த்துகிறார்கள். எதைப் போர்த்துவது என்பதில்தான் சூட்சுமம். இறால், நண்டு ஓடுகளிலிருந்து வரும் கைட்டோசானில் அமைன் தொகுதிகள் உண்டு. பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) சுமார் 6.5-க்குக் கீழே இறங்கினால் அவை புரோட்டான்களை ஏற்று நேர்மின்னூட்டம் பெறும். சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளும். போர்வை உப்பிக் கரையும். பழுப்புக் கடற்பாசியின் ஆல்ஜினேட் நேர் எதிர். அமிலத்தில் அதன் கார்பாக்சிலேட்டுகள் மின்னூட்டம் இழக்க, சங்கிலிகள் நெருங்கிச் சுருங்கும். குடலை அடைந்ததும் விரியும். ஆகவே விழுங்கும் மருந்துக்கு வெறும் கைட்டோசான் போர்த்தினால் இரைப்பையிலேயே கதவு திறந்துவிடும். வெளிப்பக்கம் ஆல்ஜினேட் வேண்டும்.

அந்தப் போர்வை உருவாவதைப் பார்ப்பதே ஒரு சுகம். கூண்டுத் துகள்கள் கலந்த ஆல்ஜினேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடு நீரில் விடுவார்கள். சொட்டு விழுந்த கணமே கால்சியம் சங்கிலிகளைக் கோத்துவிட, ஜவ்வரிசி போல உருண்டைகள் அடியில் சேரும்.

புற்றுக்கட்டிக்கு வேறு கணக்கு. ரத்தத்தின் பிஎச் 7.4, செல் விழுங்கிய துகள் போய்ச் சேரும் பைகளில் 5-ஐ ஒட்டி இறங்கிவிடும். துத்தநாகத்தாலான இசட்ஐஎஃப்-8 கூண்டு ஏறத்தாழ அங்கேதான் உடைகிறது: கழியாக இருக்கும் இமிடசோல் மூலக்கூறின் நைட்ரஜன் புரோட்டானைப் பற்றிக்கொண்டு துத்தநாகத்தைக் கைவிடுகிறது. கைட்டோசான் போர்த்தியிருந்தால் கதவும் வீடும் சேர்ந்தே திறக்கும்.

இந்தத் துறையின் வரைபடங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது என் வழக்கம். மருந்து வெளியேறும் வேகத்தைப் பலர் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் (பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் நீர்) அளக்கிறார்கள். கூண்டைப் பிரிப்பதே பாஸ்பேட்தானே! வளைகோடு காட்டுவது போர்வையின் திறமையா, கூண்டின் சிதைவா என்று தெரிய, கரைசலுக்கு வந்த உலோகத்தையும் கூடவே அளந்திருக்க வேண்டும்.