பல் துலக்கும் கை, ஒட்டிக்கொள்ளும் கால்

ஆக்குபேஷனல் தெரபி என்றால் பிழைப்புக்கான தொழிற்பயிற்சி அல்ல. பல் துலக்குவது, சட்டை போடுவது, சாப்பிடுவதுதான் இங்கே தொழில். அவற்றை நோயாளி தானே செய்ய உதவும் சிகிச்சை இது. மூளையில் எந்தப் பகுதி பழுதானதோ அதைப் பொறுத்துச் சிகிச்சையின் வழி தலைகீழாகவே மாறிவிடும்.

அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குவது, புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸை. காலையில் தின்ற இட்லி மதியம் நினைவில் இராது. ஆனால் பல வருடம் செய்து கைக்குப் பழகிய வேலைகள், மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்ளியா என்ற பகுதி, சிறுமூளை ஆகியவற்றின் வழியாக நடப்பவை. அவை வெகுநாள் தாக்குப்பிடிக்கும். அதனால் "பல் துலக்கியாச்சா?" என்று கேட்பதில் பயனில்லை. பேஸ்ட் வைத்த பிரஷ்ஷைக் கையில் கொடுக்க வேண்டும். கை தானாக நகராவிட்டால், பிடித்து இரண்டு இழுப்பு தொடங்கிவைத்துவிட்டு விட்டுவிடலாம். "பல் துலக்கி, முகம் கழுவி, சாப்பிட வாங்க" என்று மூன்றையும் அடுக்கினால் ஒன்றும் நடக்காது. ஒரு நேரத்தில் ஒரு சொல். பிறகு பத்து விநாடி மௌனம். அந்த மௌனம்தான் வீட்டார்க்குக் கஷ்டம்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க" என்பதும் கெடுதல்தான். தப்பாகச் செய்தது நினைவில் நிற்காது. தப்பான அசைவு மட்டும் பழகிப்போகும். நினைவிழப்பு உள்ளவர்கள் பிழைக்கு இடமில்லாமல் கற்றால் நன்றாகக் கற்கிறார்கள் என்று 1994இல் உளவியலாளர்கள் பேட்லியும் வில்சனும் காட்டினார்கள். அதனால் சட்டைப் பொத்தான்களை நாமே போட்டுவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் அவருக்கு விடுவோம். அது கைவந்ததும் கடைசி இரண்டு.

சோறு பாதி மீந்தால் பசியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு கண்ணுக்குப் பிரிந்து தெரியாமல் இருக்கலாம். அடர்நிறத் தட்டில் போட்டுப் பாருங்கள். வாசலில் விரித்திருக்கும் கறுப்புக் கால்மிதி பள்ளமாகத் தோன்றலாம்.

பார்க்கின்சன் நோயில் பேசல் கேங்ளியாவே தடுமாறுகிறது. தானாக நடந்த நடை தடைபட்டு, கதவருகிலும் திரும்பும்போதும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். கையைப் பிடித்து இழுத்தால் மேலுடம்பு மட்டும் முன்னே வந்து விழுவார். முதலில் நிற்கச் சொல்லுங்கள். எடையை ஒரு காலுக்கு மாற்றி, மற்ற காலைப் பெரிதாக எடுத்துவைக்கட்டும். அடிக்கடி ஒட்டும் இடத்தில், நடக்கும் பாதைக்குக் குறுக்காக, ஒரு காலடித் தூரத்துக்கு ஒன்றாகப் பளிச்சென்ற டேப் ஒட்டலாம். அந்தத் தூரம் பெரும்பாலும் 40 முதல் 60 செ.மீ.; அவரவர் காலடிக்கு அளந்துகொள்வது நல்லது. குறுக்குக் கோடுகள் நடையை விடுவிப்பதை நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967இலேயே எழுதினார். கண் பார்த்துக் கால் வைக்கும்போது மூளை வேறு பாதையில் அசைவை நடத்துகிறது. அந்தக் கவனம் பேச்சிலோ கையிலுள்ள காபி டம்ளரிலோ போனால் கால் மறுபடி ஒட்டும். பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா வேலை செய்யும் நேரத்தில்தான் பயிற்சி.

பார்க்கின்சனோடு மறதிநோயும் சேர்ந்தவருக்கு அந்தக் கோடே தடுப்பாகத் தெரியக்கூடும். ஒரே இடத்தில் ஒட்டி, பக்கத்தில் நின்று பாருங்கள். கோட்டைத் தாண்டாமல் அதன் முன் நின்றுவிட்டால் உரித்துவிட வேண்டியதுதான்.