ஐஸ் போட்டதும் கலங்கும் விஸ்கி

கிளாஸ்கோவில் முதுகலை படிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “புதிதாகத் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் ஸ்காட்ச் மலிவாகக் கிடைத்தது. இரண்டு ஐஸ் கட்டிகள் போட்டேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி மங்கிவிட்டது. கலப்படமாக இருக்குமோ ஐயா?” கூடவே பாட்டிலின் படமும் இருந்தது. அவருக்கான பதில் லேபிளிலேயே சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கிறது: ‘46%, நான் சில் ஃபில்டர்டு’, அதாவது ஆல்கஹால் 46 சதவீதம், குளிர்வித்து வடிகட்டாதது.

முதலில் அந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். தேர்தலில் சுயேச்சைகள் இருப்பதுபோல ஸ்காட்ச் உலகிலும் சுயேச்சைகள் உண்டு. இவர்களுக்கென்று சொந்த வடிசாலை பெரும்பாலும் இருக்காது. மற்றவர்கள் வடித்த சாராயத்தைப் பீப்பாயோடு வாங்கி, தங்கள் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்பார்கள். இது பழைய தொழில். கேடன்ஹெட் 1842இல் தொடங்கியது. எல்ஜின் நகரின் கார்டன் அண்ட் மெக்ஃபெயில் 1895இல் மளிகைக் கடையாகத் தொடங்கியது. சில வடிசாலைகள் தங்கள் பெயர் வெளியே போகக் கூடாது என்பதற்காகப் பீப்பாயில் வேறொரு வடிசாலையின் மால்ட்டை (முளைகட்டிய பார்லியில் செய்த விஸ்கி) ஒரு ஸ்பூன் ஊற்றிவிட்டுத்தான் விற்கும். அந்த ஒரு ஸ்பூனால், சட்டப்படி அது சிங்கிள் மால்ட், அதாவது ஒரே வடிசாலையின் மால்ட், என்ற தகுதியை இழந்துவிடுகிறது! ஆனால் நாக்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, விலை மட்டும் குறையும். வயது குறைந்தாலும் விலை குறையும். ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் வைத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போய்விடும்.

கடிதம் வந்த வாரத்தில், எடின்பரோவின் லீத் பகுதியில் உள்ள நண்பர் வீட்டில் இதே ரகத்தில் மூன்று மலிவு பாட்டில்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மூன்றும் 46 சதவீதம். முதலாவது கிரெய்ன் விஸ்கி, கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களில் செய்வது. மூக்கருகே கொண்டு போனதும் வெனிலா, பிறகு சந்தேகமே இல்லாமல் தேங்காய் பர்பி. (அமெரிக்க ஓக் மரத்திலிருந்து இறங்கும் லாக்டோன் என்ற பொருளின் வேலை அது.) இரண்டாவது, புகை காட்டாத மால்ட்: பச்சை ஆப்பிள், கொஞ்சம் மெழுகு. மூன்றாவது, பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய தாவரங்களை வெட்டி எடுத்த எரிபொருள்) புகையில் உலர்த்திய பார்லியில் செய்தது: விறகடுப்பு அணைந்த மறுநாள் காலையில் சமையலறைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாசனை, அதோடு ஆஸ்பத்திரி டிஞ்சர்.

ஒவ்வொன்றிலும் 30 மில்லி ஊற்றி, 15 மில்லி தண்ணீர் சேர்த்து, ஃப்ரிட்ஜில் வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் கிரெய்ன் தெளிவாகவே இருந்தது. மால்ட் இரண்டும் மங்கியிருந்தன. விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தோம். கிரெய்ன் கிளாஸில் ஒளி போன தடமே தெரியவில்லை. மால்ட்டுக்குள், மார்கழி அதிகாலைப் பனியில் லாரியின் முகப்பு விளக்கு போடும் பாதை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. டிண்டால் விளைவு, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உள்ளே ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரிய ஏதோ மிதக்கிறது.

அந்த ஏதோவைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். பார்லிச் சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது ஆல்கஹால் மட்டும் உருவாவதில்லை, கொழுப்பமிலங்களும் கொஞ்சம் உருவாகின்றன. அவை ஆல்கஹாலோடு சேர்ந்து எஸ்டர்கள் ஆகின்றன. குட்டைச் சங்கிலி எஸ்டர்கள் பழ வாசனை தருபவை. நீளச் சங்கிலிகளில் ஒன்று எத்தில் லாரேட். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதியாக இருக்கும் அதே லாரிக் அமிலத்தின் பிள்ளை. இன்னொன்று எத்தில் பால்மிடேட். அது ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து எடுத்தவர்களுக்கு இதன் சுபாவம் புரியும்.

இந்த எண்ணெய்ச் சங்கதி விஸ்கிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எப்படி இருக்கிறது? எத்தனால் ஒரு தரகர். ஒரு முனையால் தண்ணீரோடு கைகோக்கும், மறுமுனையில் உள்ள இரண்டு கார்பன் வாலால் எண்ணெயோடும் ஒட்டிக்கொள்ளும். தரகர்கள் போதுமான அளவு இருக்கும்வரை ஒவ்வொரு எஸ்டர் மூலக்கூறையும் சூழ்ந்துகொண்டு, சண்டை வராமல் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீர் ஊற்றினால் தரகர் பலம் குறைகிறது. குளிரவைத்தால் கரைதிறனும் விழுகிறது. ஐஸ் இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும். தனித்துவிடப்பட்ட எஸ்டர்கள் வாலோடு வால் சேர்த்துக் கும்பல் கூடுகின்றன. கும்பல் பெருத்தால் கலங்கல். கிரேக்கர்களின் ஊசோ மதுவில் தண்ணீர் ஊற்றினால் பால் மாதிரி வெளுப்பதும் இதே கதைதான், அங்கே எண்ணெய் அனெத்தோல், சோம்புக்கு வாசனை தருவது. கிரெய்ன் விஸ்கி ஏன் தப்பியது? மால்ட்டைச் செம்பு வாலையில் வடிக்கிறார்கள், கனமான எண்ணெய்ப் பொருள்களும் ஓரளவு கூடவே வந்துவிடும். கிரெய்னை உயர்ந்த தூண் போன்ற வாலையில் 94 சதவீதத்தை ஒட்டி வடிக்கிறார்கள், அவை பெரும்பாலும் பின்தங்கிவிடும்.

கும்பல் கூடிய எஸ்டர்கள் சும்மா இருப்பதில்லை. தண்ணீரைப் பிடிக்காத மற்ற வாசனை மூலக்கூறுகளையும் உள்ளே இழுத்து அடைத்துக்கொள்கின்றன. இதைக் கண்டுபிடித்தது, நம் வாசகர் இருக்கும் கிளாஸ்கோவில் உள்ள ஸ்ட்ராத்க்ளைட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், 1990களில். உள்ளே சிக்கியது காற்றில் ஏறாது, மூக்குக்கும் வராது. ஆனால் புகை வாசனை தரும் குவையகால் வேறு விதம். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சனும் ஃப்ரீட்மனும் 2017இல் அதைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தார்கள். எத்தனால் 45 சதவீதம் வரை இருக்கும் கலவையில் குவையகால் எத்தனாலோடு சேர்ந்து மேற்பரப்புக்கு வருகிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் எத்தனால் அதைச் சூழ்ந்து ஆழத்துக்கு இழுத்துவிடுகிறது. தண்ணீர் சேர்க்காமல் பீப்பாய் வலுவிலேயே அடைத்த விஸ்கியில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் புகை ‘திறக்கிறது’ என்று குடிப்பவர்கள் சொல்வது வெறும் பாவனை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் இரண்டாவது கிளாஸில் தண்ணீருக்குப் பிறகு ஆப்பிள் அடங்கியதும், மூன்றாவதில் அடுப்படி அப்படியே நின்றதும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. மூன்று கிளாஸும் இரண்டு மூக்குகளும் ஆய்வாகாது என்பதும் தெரியும்.

இதற்கெல்லாமா ஆராய்ச்சி நிதி என்று கேட்பவர்கள் உண்டு. மருந்தை நுண்துளிகளாக்கி உடலுக்குள் அனுப்பும் முறைகளில் ஒன்று இதே ஊசோ விளைவை நம்பியிருக்கிறது. யாரோ ஒருவர் கலங்கிய கிளாஸை உற்றுப் பார்த்ததை நாம் வேடிக்கையாக நினைக்கிறோம். நம் பனங்கள்ளையும் இப்படி உற்றுப் பார்க்க யாராவது பணம் கொடுத்தால் நான் மகிழ்வேன்.

பெரிய நிறுவனங்களுக்குக் கலங்கல் என்றால் பயம், புகார் வரும் என்று. அதனால் விஸ்கியைப் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிக் குளிர்வித்து, எஸ்டர்கள் திரண்டதும் வடிகட்டிவிடுகிறார்கள். பிறகு சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவான 40 சதவீதத்துக்கு இறக்கினாலும் கலங்காது. பிரிட்டனில் வரி, ஆல்கஹாலின் அளவுக்குத்தான். எனவே 40இல் விற்பதில் வரியும் மிச்சம். ஒரு பீப்பாயிலிருந்து 300 பாட்டில் எடுக்கும் சுயேச்சைக்கு அந்தக் குளிர் எந்திரமெல்லாம் கட்டுப்படியாகாது. அதைச் செய்யாததையே பெருமையாக லேபிளில் போட்டுக்கொள்கிறார். வடிகட்டியதால் சுவை செத்துவிட்டது என்று அடித்துப் பேசுகிறவர்களை நான் முழுதும் நம்புவதில்லை. கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது.

கலப்படக் கேள்விக்கு வருகிறேன். மெத்தனால் கலந்தால் மது கலங்காது, தெளிவாகவே கொல்லும். தீக்குச்சி கிழித்து, நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்று தீர்ப்பு சொல்லும் வழக்கமும் பயனற்றது. எத்தனாலும் நீலமாகத்தான் எரியும், மெத்தனாலும் வெளிறிய நீலமாகத்தான் எரியும். உரிமம் பெற்ற கடையில் வாங்கிய மூடி உடையாத பாட்டில் என்றால் கலங்கலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால், ஐஸ் கட்டிகளை எடுத்துப் போட்டுவிட்டு, கிளாஸை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே பத்து நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். லீத்தில் எங்கள் இரண்டாவது கிளாஸ் அடியிலிருந்து மெல்லத் தெளிந்தது. ஆப்பிள் மட்டும் திரும்பி வரவில்லை, தண்ணீர் உள்ளேயேதானே இருக்கிறது.