வேலூரிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குறுக்குவழி எது?

வேலூர், காட்பாடிப் பகுதிகளிலிருந்து மேற்படிப்புக்கும் மென்பொருள் வேலைக்கும் கலிஃபோர்னியா செல்வோர் சென்னையிலோ பெங்களூருவிலோதான் பெரும்பாலும் விமானம் ஏறுகின்றனர். பசிபிக் பெருங்கடலை நடுவில் வைத்து வரைந்த உலகப் படத்தில் பெங்களூருவையும் சான் ஃபிரான்சிஸ்கோவையும் அடிக்கோலால் இணைத்தால், கோடு வங்கக் கடலைத் தாண்டிப் பசிபிக் பெருங்கடலின் குறுக்கே செல்லும். அந்தக் கோட்டின் வழியே பறந்தால் தூரம் சுமார் 16,000 கிலோமீட்டர். உண்மையான குறுக்குவழியோ வடக்கில் சற்றே கிழக்காகச் சாய்ந்து கிளம்பி, 71 டிகிரி வட அட்சரேகை வரை ஏறி, கிழக்கு சைபீரியக் கடலின் மேல் வளைந்து அமெரிக்கக் கரைக்கு இறங்குகிறது. அதன் நீளம் சுமார் 14,000 கிலோமீட்டர்தான்.

பூசணிக்காயின் வரிகள் காம்பில் கூடுவதுபோலத் தீர்க்கரேகைகள் துருவத்தில் கூடுகின்றன. வேலூர் அமைந்துள்ள 13 டிகிரி அட்சரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகையைக் கடக்க ஏறத்தாழ 108 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். 71 டிகிரியில் 36 கிலோமீட்டர் போதும். தட்டையான படம் இவ்விரண்டையும் ஒரே அகலத்தில் வரைந்துவிடுவதால் நம் கண் ஏமாறுகிறது.

ஆனால் இந்தக் குறுக்குவழி திபெத் பீடபூமியின் மேல் செல்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். அங்கே நிலமே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே பயணிகள் விமானங்கள் பொதுவாக அப்பகுதியைச் சுற்றியே செல்கின்றன.

தூரத்தைவிட நேரத்தை அதிகமாக ஆட்டிப்படைப்பது காற்றுதான். பூமி கீழே சுழல்வதால் ஒரு திசையில் சீக்கிரம் போய்விடலாம் என்று படித்தவர்கள்கூடச் சொல்வதுண்டு. வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அது சரியன்று. 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் பல நாட்களில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம் 3,000 கிலோமீட்டரை 3 மணி 20 நிமிடங்களில் கடக்கும் என்று கொள்வோம். 150 கிலோமீட்டர் வேகக் காற்று பின்னிருந்து தள்ளினால் 29 நிமிடங்கள் மிச்சமாகும். அதே காற்று எதிரே வந்தால் 40 நிமிடங்கள் கூடும். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருப்பதால், போகும்போது கிடைத்த லாபம் வரும்போது ஏற்படும் நட்டத்தை ஒருபோதும் ஈடுகட்டுவதில்லை.

2016 அக்டோபரில் டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ சென்ற ஏர் இந்தியா விமானம், வழக்கமான அட்லாண்டிக் வழியை விட்டுவிட்டுக் காற்றின் போக்கிலேயே பசிபிக் வழியாகப் பறந்தது. தூரம் 1,400 கிலோமீட்டர் கூடி 15,300 ஆனது. இருந்தும் பயணம் 14.5 மணி நேரத்தில் முடிந்தது, வழக்கத்தைவிட ஏறத்தாழ 2 மணி நேரம் முன்னதாகவே.

எதிர்த்திசையில் அந்தக் காற்றே இடைஞ்சல். 2021 ஜனவரி 9 இரவு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய முதல் நேரடி பெங்களூரு விமானம், பெண் விமானிகள் மட்டுமே இயக்க, வட துருவம் வழியாக வந்து 11 அதிகாலையில் தரையிறங்கியது. நாட்காட்டியில் இரண்டு தேதிகள் நகர்ந்தாலும் பறந்தது சுமார் 17 மணி நேரமே. மீதி, குளிர்காலத்தில் இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையே உள்ள பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம்.